பின்னறை விருந்தாளி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதிலும் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்பவர்களைக் கண்டால் சொல்லவே வேண்டாம். நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்குக் கறை படிந்த கோட்டோடு வருகிறவர்கள்கூட என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ரசீது வாங்குவார்கள்.

கல்யாணமானதிலிருந்து சாப்பிட்டு வந்த கர்ப்பத்தடை மாத்திரையை நிறுத்தியிருந்தேன். "சிலருக்கு உடனே உண்டாகும், சிலருக்குக் கொஞ்ச மாசம் ஆகும். பதறாதீங்க" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எனக்குப் பிள்ளை வேண்டும். மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வீடு சின்னது, மாமியாருக்கோ பாம்புச் செவி. அதனால் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒரு ரகசிய வார்த்தை கண்டுபிடித்தார். வேலைக்கு நடுவே போன் செய்து, "விருந்தாளி வராங்களா?" என்பார். மாதவிலக்கு வந்துவிட்டால், "இந்த மாசம் வரலையாம்" என்பேன்.

அது மாமியார் காதில் விழுந்தது. விருந்தாளி என்றால் அவருக்கு விருந்தாளிதானே! பின்னறைப் பெட்டிகளை ஒதுக்கிக் கட்டிலில் புது விரிப்புப் போட்டார். "வர்றவங்களுக்குப் படுக்க இடம் வேணாமா?" நாங்கள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அப்புறம் எனக்கு நாள் தள்ளிப்போனது. கடைக் கழிப்பறையில் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியை வைத்துப் பார்த்தேன், இரண்டு கோடு. சந்தோஷத்தில் அழுதே விட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா. உங்க விருந்தாளி வந்தாச்சு. உள்ள நல்ல தூக்கம்."

எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. தலையணை நடுவில் மட்டும் சின்னதாக ஒரு குழி.

"யாரு அத்தை வந்தது?"

"உனக்குத் தெரியாதா? வந்ததும் முதல் கேள்வியே நீ எங்கன்னுதான்."

மாமியாருக்கு மறதி கிடையாது. நான் தொலைக்கும் சாவியெல்லாம் அவர்தான் தேடித் தருவார். அதுதான் எனக்குப் பயம். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் கால் கூசியது. ஆனாலும் அதன் கதவை யாரையும் சாத்த விடவில்லை.

ஒரு காலை, வெள்ளைச் சட்டைக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தபோது அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. "ஆரம்பத்துலயே கலைஞ்சிருச்சும்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார்கள் ஆஸ்பத்திரியில். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மாமியாருக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் நின்றிருந்தார், கையில் மடித்த விரிப்பு.

"காலையிலயே கிளம்பியாச்சும்மா. நீ வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லிப் பார்த்தேன், கேக்கல."

மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன சொல்லிட்டுக் கிளம்புச்சு? போறேன்னா, போயிட்டு வரேன்னா? சொல்லுங்க அத்தை!"

வீட்டுக்காரர் என்னைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. தெருமுனைக் கடைக்குப் போகிறவன்கூட 'வரேன்' என்றுதானே சொல்லிவிட்டுப் போவான்!

மாமியார் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"போறேன்னுதான் சொல்லுச்சு. சின்னப் பிள்ளைக்கு என்னம்மா தெரியும்? அதெல்லாம் பெத்தவதானே சொல்லிக் குடுக்கணும்."