அட்டையில் பச்சை வட்டம்

இடுப்பில் ஆணி அறைந்த மாதிரி வலி. என் ஒர்க்‌ஷாப் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. குளிர் முதுகு வழியாக ஏறி எலும்பில் உட்கார்ந்துவிட்டது. காருக்கு அடியிலிருந்து வெளியே வர முழங்கையை ஊன்றினேன், முடியவில்லை. அத்தான்தான் காலைப் பிடித்து இழுத்தார்.

"உன்னத் தூக்கவே தனியா ஒரு ஜாக்கி வேணும் போலிருக்கே, மாப்ள."

அக்கா முன்சீட்டில் இரண்டு போர்வைக்குள் இருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிறவள். மெஷினிலிருந்து எழுந்தால் உடம்பு சில்லிட்டுப் போகும். வீட்டுக்கு முக்கால் மணி நேரப் பாதை. ஒரு மாதமாக ஹீட்டர் வெறும் காற்றைத்தான் ஊதுகிறது.

"நேத்து வர்றப்ப பல்லு தந்தியடிச்சுதுடா தம்பி. உங்க அத்தான் ரேடியோப் பாட்டுக்குத் தாளம் போடுறேன்னு நெனச்சுக்கிட்டாரு."

அத்தான் சிரிக்கவில்லை. சுருட்டி வைத்திருந்த அட்டையைப் பிரித்தார். இரவில் காருக்கு அடியில் விரித்து வைக்கச் சொல்லியிருந்தேன். கறுப்பாக விழுந்தால் இன்ஜின் ஆயில், சிவப்பென்றால் ஸ்டியரிங் ஆயில். இதில் எல்லாமே பச்சை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார் மனுஷன். முதல் வட்டம் மிளகளவு. கடைசி வட்டம் உள்ளங்கை அகலம்.

"புது ரேடியேட்டர் மாட்டி ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள எங்கேருந்துடா ஒழுகுது?"

"ரப்பர் ஹோஸா இருக்கும் அத்தான். பாத்துட்டுச் சொல்றேன்."

ஹோஸ் இல்லை. அவர் வாங்கிக் கொடுத்த ரேடியேட்டர் அந்தக் காரிலேயே இல்லை. அதை மாட்ட வேண்டிய அன்று காலை இதே மாடல் டாக்சி ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. டாக்சிக்காரன் கையில் காசு வைத்திருந்தான், எனக்குக் கடை வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. பெட்டியைப் பிரித்து அவனுக்கு மாட்டினேன். அக்கா காரின் பழைய ரேடியேட்டரில் ஒழுக்கை அடைக்கும் பொடியைக் கொட்டினேன். பத்து நாளில் வேறு வாங்கி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் மாதக்கணக்கானது.

இன்ஜினைச் சூடேற்றி, சூடான கூலன்ட்டை ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் இரண்டு குழாய்களையும் தொட்டேன். போகிற குழாய் விரலைச் சுட்டது. திரும்பி வருகிற குழாய் சில்லென்று கிடந்தது. ஹீட்டருக்குள்ளே அடைப்பு. எதனால் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டையை அடைக்கப் போட்ட பொடி அக்காவின் சூட்டை அடைத்திருக்கிறது.

இன்ஜின் ஆறிய பிறகு குழாய்களைக் கழற்றி, திரும்பும் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினேன், ரேடியேட்டரையும் அலசினேன். பழுப்பாகக் குழம்பு வந்து விழுந்தது.

"என்னடா இது, காப்பி மண்டி மாதிரி?"

"பழைய வண்டி அத்தான். துரு."

அவர் தலையாட்டினார். என்னை நம்புவதில் அவருக்கு எப்போதுமே கஷ்டம் இருந்ததில்லை.

கூலன்ட் ஊற்றி, அத்தானை உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். உள்ளே நின்ற காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் அக்கா கத்தினாள்: "டேய், வருதுடா! சூடு வருது!"

அவள் போர்வையோடு இறங்கி, காரைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் வந்தாள். இன்ஜின் மேல் இரண்டு கையையும் காட்டினாள். ஊசி போட்டுப் போட்டு இடது கை நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. பிறகு குனிந்தாள். ரேடியேட்டரின் மேல் மூலை உள்வாங்கி நசுங்கியிருந்தது. அதை விரலால் தடவினாள்.

"இது நான் வண்டி பழகுறப்ப கேட்டுல இடிச்சது இல்ல?"

இன்ஜின் சத்தத்தில் அத்தானுக்குக் கேட்டிருக்காது. கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "உங்க அத்தானுக்கு அட்டையில விழுறது மட்டுந்தான் கண்ணுல படும்," என்றாள். "பானெட்டச் சாத்துடா. குளிருது."

சாத்தினேன். இரண்டு பாட்டில் தண்ணீரைப் பின்சீட்டில் வைத்து, "டெம்பரேச்சர் முள்ளு மேல போனா உடனே நிறுத்திருங்க, ஆறினப்புறம் ஊத்துங்க," என்று அத்தானிடம் சொன்னேன். பொடி கழுவிப் போய்விட்டது, இனி ஓட்டை சும்மா இருக்காது. அதை நான் சொல்லவில்லை. அக்காவும் தான் பார்த்ததைச் சொல்லவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு பார்த்தேன், கார் நின்ற இடத்தில் பச்சை சொட்டியிருந்தது. உள்ளங்கையை விடப் பெரிய வட்டம். நாளை மறுநாள் அவளுக்கு மறுபடி ஆஸ்பத்திரி.

அக்காவுக்கு நான் ஒரு ரேடியேட்டர் கடன்பட்டிருக்கிறேன்.