போன் நம்பர் இல்லாத நோயாளி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிய சாயப் புட்டியைத் திறந்தால், நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில்தான் முதலில் பார்ப்பார்கள். சாயம் ஒழுங்காக ஏறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். அந்த ஆரோக்கியமான ஒருவர் பதினொரு வருஷமாக அவள்தான். காலையில் முதலில் வந்து கதவைத் திறக்கிறவள் அவள். அந்த நேரத்தில் கைவசம் இருப்பது அவளுடைய விரல் மட்டுமே.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் மோதிர விரலைக் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, உலரவிட்டு, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சாயம் அருமையாக ஏறியிருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தாள்.

வழக்கமாக ஒரு பார்வைக்குள் இரண்டு மூன்று வெள்ளையணுக்கள் தென்படும். இங்கே சிவப்பணுக்களுக்கு இடம் விடாமல் அவை அடைத்துக்கொண்டு நின்றன. அதுவும் எல்லா வயதிலும். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே வளர்ந்து முதிர்ந்து பிறகு வெளியே வர வேண்டியவை, பாதி வளர்ந்ததும் கால்வாசி வளர்ந்ததுமாக, பள்ளிக்கூடம் விட்டதுபோல மொத்தமாகக் கிளம்பி வந்திருந்தன. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவையாவது அவள் பார்க்கிற காட்சிதான். நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்கிற ரத்தப் புற்றுநோய். பெரிய மருத்துவர் வந்து சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை.

தகடு மாறிவிட்டது என்று நினைத்தாள். மேசையில் வேறு தகடே இல்லை. நடு விரலைக் குத்தி இன்னொன்று போட்டாள். அதிலும் அதேதான்.

ரத்தம் எடுக்கிறவர் உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது. கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘கொசு’தான், அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவரும் அவர்தான்.

“என்னம்மா, புதுச் சாயம் எப்படி?”

“நல்லா இருக்குண்ணே,” என்றாள். பொய் சொல்லவில்லை.

இரண்டு தகடுகளையும் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு நூற்று நாற்பது பரிசோதனைகளைத் தவறில்லாமல் முடித்தாள்.

வீட்டில் சொல்லவில்லை. கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த நோயையும் அவன் கேஸ் போனதா, கம்ப்ரஸர் போனதா என்ற கணக்கில்தான் யோசிப்பான். இரண்டு மாதமாக அவள் பாதித் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயிற்றின் இடது பக்கத்தில் யாரோ தலையணையைச் செருகி வைத்ததுபோல இருந்தது.

“என்ன, டயட்டா? இப்படியே இளைச்சா உன் அம்மா என்னைத்தான் கேப்பாங்க,” என்றான்.

“பசிக்கலைங்க.”

ஆறு வயது மகள் அம்மா மிச்சம் வைத்ததைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையும் குத்திப் பார்த்தாள். அதற்கு மறுநாளும். எல்லோரும் வருவதற்கு முன்னால் கிடைக்கும் இருபது நிமிஷத்தில் ஒரு தகடு, ஒரு பார்வை, பிறகு கைப்பை. ஒருநாளாவது அந்தக் கூட்டம் கலைந்திருக்கும் என்று எதிர்பார்த்தாளா என்று கேட்டால், இல்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாத வரை அது ஒரு தகடு. சொல்லிவிட்டால் தானே நோயாளி. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு அந்தப் பக்கம் போய் நிற்பதற்குக் கால் வரவில்லை.

பத்தாவது நாள் ஒரு காரியம் செய்தாள். தகட்டில் கண்ணால் பார்ப்பது போதவில்லை, எண்ணிக்கை வேண்டும் என்று தோன்றியது. தன் கையிலிருந்து தானே ஒரு குழாய் ரத்தம் எடுத்து, ஏதோ ஒரு பெயர் போட்டு, வயது முப்பத்துநான்கு, பெண் என்று அடித்து இயந்திரத்தில் ஏற்றினாள். போன் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டாள். திரையில் வெள்ளையணு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று வந்தது. பதினோராயிரத்தைத் தாண்டினாலே அதிகம்.

அழித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வெள்ளையணு ஐம்பதாயிரத்தைத் தாண்டிய எந்த எண்ணிக்கையும் நேராக ரத்தவியல் மருத்துவரான மேடத்தின் திரைக்குப் போய்விடும். அது அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அந்த நிமிஷம் மறந்துபோனாளா, மறந்ததுபோல் இருந்தாளா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தும் பிடிபடவில்லை.

மேடம் அறையை விட்டு அவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறவர் இல்லை. அன்று வந்தார்.

“இது யாரோட சாம்பிள்? அனுப்பின டாக்டர் பேர் இல்ல, போன் நம்பர் இல்ல. இந்தப் பொண்ணு தனக்கு என்னன்னே தெரியாம எங்கேயோ நடமாடிட்டு இருக்கா.”

எல்லோரும் கொசு அண்ணனைப் பார்த்தார்கள்.

“மேடம், இன்னைக்குப் பத்தொம்பது பேருக்குக் குத்தியிருக்கேன். இந்தப் பேர்ல யாருமே வரலை. பாதிப் பேர் தாத்தாக்கள். முப்பத்துநாலு வயசுப் பொண்ணு வந்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?”

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

“நான் தேடிக் கண்டுபிடிக்கறேன் மேடம்,” என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல் என்று அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

இரண்டு நாள் தேடினாள். பழைய பதிவுகளைப் புரட்டினாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருமில்லாத முனையில், “இல்லீங்களா? சரிங்க, வேற இடத்துல கேட்டுப் பாக்கறேன்,” என்றாள். மேடம் காலையிலும் மாலையிலும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் “இன்னும் கிடைக்கலை” என்று சொல்லச் சொல்ல, வெளியே வரும் வழியைத் தன் கையாலேயே செங்கல் வைத்து அடைப்பதுபோல இருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் அழுதிருக்கலாம். இப்போது சொன்னால் முதலில் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கொசு அண்ணனுக்கு மெமோ வந்தது. விவரம் வாங்காமல் ரத்தம் எடுத்த அலட்சியத்துக்கு விளக்கம் தர வேண்டும். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் காணோம். இரண்டு மணிக்குத்தான் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எங்கண்ணே போனீங்க, சாப்பிடாம?”

“பக்கத்துத் தெரு கிளினிக், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு. யாராவது அனுப்பியிருப்பாங்களோன்னு கேட்டுட்டு வந்தேன். யாருக்கும் தெரியலை.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மெமோ கிடக்குது விடு. பாவம், யாரு பெத்த பொண்ணோ. சின்ன வயசு வேற. இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சா பிழைச்சுக்குவான்னு மேடம் சொல்றாங்க.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, உக்காருங்க. இனிமே தேட வேண்டாம்.”

“கிடைச்சுட்டாளா? எங்க இருக்கா?”

“இங்கதான்.”

இடது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். நாலு விரல் நுனியிலும் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

“இப்படியா குத்துவாங்க? ஓரத்துல குத்தணும், நுனியில குத்தக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். பிறகு அந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

அவர்தான் அவளை மேடத்திடம் கூட்டிப்போனார். மேடம் கதவைச் சாத்தினார், முதலில் திட்டினார், பிறகு கட்டிலில் படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

“மண்ணீரல் நாலு விரல் இறங்கியிருக்கு. பன்னிரண்டு நாளா தெரிஞ்சும் பேசாம இருந்திருக்க. நீயா?”

“சொல்லிட்டா நோயாளி ஆயிடுவேன் மேடம்.”

“சொல்லாததுனால ஆகலையா?”

மேடம் அவள் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டு, வேகமாக எடுத்துக்கொண்டார். மெமோ அன்றே வாபஸ் ஆனது.

அன்று மாலை கணவன் ஒரு பழைய ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்குரூ டிரைவர் கையிலேயே இருந்தது.

“தலைமுடி கொட்டுமா?”

“இதுக்குக் கொட்டாது. தினமும் மாத்திரை சாப்பிடணும்.”

“மாத்திரை மட்டும்தானா? ஆபரேஷன், ஊசி, ஒண்ணும் இல்லையா?”

“இல்ல. மாத்திரைதான். நிறுத்தாம.”

அவன் பெரிதாக மூச்சு விட்டான். “அப்போ சுகர் மாதிரிதான். இதுக்குப் போயா இத்தனை நாள் மறைச்ச?”

அந்தப் பெருமூச்சை அவளால் மன்னிக்க முடியவில்லை. மறுநாளே அவன் தன் அண்ணனுக்கும், அவளுடைய அம்மாவுக்கும், மாடி வீட்டுக்காரருக்கும் போன் போட்டு “சுகர் மாதிரிதான்” என்று சொல்லி முடித்திருந்தான். எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். அவள் பயப்படுவதற்கு வீட்டில் ஒரு மூலைகூட மிச்சமில்லை.

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். மரபணுப் பரிசோதனையில் நோய் உறுதியானது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு மாத்திரை. முதல் வாரம் குமட்டல். பிறகு காலையில் இமைகள் வீங்கின. நாள் முழுக்க அழுதவள்போல வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஆடுசதை சுருட்டி இழுத்தது. மூன்றே வாரத்தில் எண்ணிக்கை எட்டாயிரத்துக்கு வந்துவிட்டது. அணுக்கள் அடங்கிவிட்டன, ஆனால் வேர் போயிருக்கிறதா என்று மூன்றாவது மாத மரபணுப் பரிசோதனைதான் சொல்லும்.

மேடம் ஒரு கட்டளை போட்டார். அவளுடைய ரத்தம் இனி வேறொரு கூடத்துக்குப் போகும். அவள் தன் தகட்டைத் தானே பார்க்கக் கூடாது. நியாயம்தான். ஆனால் வேலை முழுக்கத் தகடு பார்ப்பதுதானே? யாருடைய தகட்டை வைத்தாலும் முதல் விநாடி அது தன்னுடையதாகத் தெரிந்தது. வீட்டில் நோய் இல்லாததுபோல நடிப்பு, இங்கே நாளுக்கு நூற்று நாற்பது தடவை அதன் முகம். வேலையை விட்டால் தேவலை என்று தோன்றியது. விட்டால் பகல் முழுக்க வீட்டில் அந்த ‘சுகர்’ பேச்சு.

ஐந்தாவது வாரம், காலையில் விரலைக் குத்திக்கொண்டிருந்தபோது கொசு அண்ணன் பார்த்துவிட்டார். மேடத்திடம் சொல்லவில்லை. ஊசிப் பெட்டியைத் தூக்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“எனக்குப் பார்க்கணும்ணே.”

“பாக்கறதுல குறையுதா?”

“இல்ல.”

“அப்போ திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒண்ணு தரேன். நானே குத்துறேன், ஓரத்துல. மத்த நாள் கேட்டா நான் காது கேக்காதவன்.”

அவர் சொன்னபடியே நடந்தார். மற்ற ஆறு நாளும் அவளுக்குக் கை நமநமத்தது. சில திங்கட்கிழமைகளில் அவரே “வேண்டாம்னா விட்டுடலாம்” என்பார். அவள் ஒருமுறைகூட விட்டதில்லை.

மூன்றாம் மாதம் கணவனும் அவளும் முடிவு வாங்கப் புற்றுநோய் மருத்துவரிடம் போனார்கள். நோயின் மரபணு பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நான்கு என்று வந்திருந்தது. மருத்துவர் கை கொடுத்தார். கணவன் அவர் கையை விடவே இல்லை.

“எப்போ நிறுத்தலாம் டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

“சில பேரால நிறுத்த முடியுது. அதுக்கு நாலஞ்சு வருஷமாவது நம்பர் அடியிலேயே நிக்கணும். உங்களுக்கு முடியும்னு இன்னைக்கு நான் வாக்கு கொடுக்க மாட்டேன்.”

“இன்னொரு குழந்தை?”

“மாத்திரை சாப்பிடற வரைக்கும் கூடாது.”

இந்த வருஷம் என்றுதான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவள் மனதுக்குள் வயதைக் கூட்டிப் பார்த்தாள். கணவன் தரையைப் பார்த்தான்.

பஸ் நிறுத்தத்தில் வந்த இரண்டு பஸ்ஸிலும் அவன் ஏறவில்லை. பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்: “எனக்கு பயமா இருக்கு.”

“சுகர் மாதிரின்னு சொன்னீங்க.”

“எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சுட்டேன். இனிமே மாத்திச் சொல்ல முடியலை. முதல் நாள்லேர்ந்தே பயம்தான். ராத்திரி நீ மூச்சு விடறியான்னு பாத்துட்டுதான் படுக்கறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதமாக ஓர் அறைக்குள் தான் மட்டும் தனியாக அடைபட்டுக் கிடப்பதாக நினைத்திருந்தாள். இவனும் அதே அறையில்தான், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“நீ பன்னிரண்டு நாள் சொன்னியா?”

வீட்டுக்குப் போனதும் கணவன் தன் அண்ணனுக்குப் போன் போட்டான். “மருந்து கேக்குது. ஆனா சுகர் இல்லண்ணே, கேன்சர்தான்,” என்று முதல் தடவையாகச் சொல்வது சமையலறைவரை கேட்டது. அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்து, தண்ணீர் ஊற்றி, அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். தொண்டையில் லேசாகக் கசந்தது.