ஐந்தாவது பிளாப்பி

நான் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது நம்பிராஜனின் வலது கையை மேசைமேல் நீட்டவைத்து, மேசைக்காலோடு இழுத்துக் கயிற்றால் கட்டியிருந்தது. சுண்டுவிரல் ஒடிந்து பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. மூக்கு ரத்தம் மேசையெல்லாம் சொட்டியிருந்தது. பக்கத்தில் முதலாளி சொரிமுத்து, கையில் கொட்டாப்புளியோடு. தச்சர்கள் உளியைத் தட்டுகிற மரச்சுத்தியல் அது. விரலைத் தட்டுவதற்காக யாரும் அதைச் செய்ததில்லை.

"வா ஸ்டான்லி. நாலாவது பிளாப்பியும் போச்சு. இவன் செங்கோட்டைக்காரன் மில்லுக்குப் போகப்போறான். போறதுக்கு முன்னால என் மெசினைக் கெடுக்கான். ஒத்துக்கிடுத வரைக்கும் மணிக்கு ஒரு விரலு."

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலண்ணே" என்றான் நம்பி, என்னைப் பார்த்து.

பண்பொழி ரோட்டில் உள்ள அந்த மர மில்லில், கதவில் பூ செதுக்கும் மெசினை ஓட்டுகிறவன் நம்பி. மெசினுக்கு மூளை ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். உள்ளே அதை ஓட்டுகிற லினக்ஸ் இருக்கிறது, ஆனால் தானாக எழுந்திருக்காது. காலையில் ஒரு பிளாப்பியைச் செருகினால்தான் கண் விழிக்கும். அந்தப் பிளாப்பியில் எழுதிக் கொடுப்பவன் நான். தென்காசி வட்டாரத்தில் இந்தக் கருமத்தையெல்லாம் இன்னும் கட்டி அழுகிறவன் நான் ஒருத்தன்தான்.

இந்த மாதம் நான்கு பிளாப்பி. நான்குக்கும் ஒரே வியாதி: முதல் நாள் ஓடும், மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும். சாரல் ஈரம் என்று நினைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பிளாப்பி செருகுகிற டிரைவை மாற்றினேன். எதுவும் எழுதிவிடாதபடி ஓரத்துப் பொத்தானைத் தள்ளிவிட்டேன். கெட்டதைக் காட்டுங்கள் என்று கேட்டால், முதலாளி அதை அப்போதே மரத்தூள் அடுப்பில் போட்டிருப்பார். கோபக்காரருக்கு அடுப்பும் பக்கத்திலேயே இருந்தது வசதி.

மறுநாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் திறப்பு. அதன் வாசல்கதவு மெசினில் பாதியில் கிடந்தது.

சொரிமுத்துவின் கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். தெரிந்த வேலையைச் செய்தேன். டிரைவிலேயே மாட்டிக் கிடந்த நாலாவது பிளாப்பியை உருவினேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டிரைவின் உள்ளே துடைத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. ரத்தம் என்றே நினைத்தேன். மோந்து பார்த்தால் சந்தன வாசம்.

பிளாப்பியைத் திருப்பினேன். முதுகில் நடுவே வட்டத் தகடு. அதன்மேல் விரல் அகலத்துக்குச் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம்.

"இதை யாரு வச்சது அண்ணாச்சி?"

"நான்தான். மொத நாளு நல்லா ஓடுச்சுன்னா சாயங்காலம் பொட்டு வைப்பேன். ரம்பத்துக்கு வைக்கேன், தராசுக்கு வைக்கேன், இதுக்கு மட்டும் வைக்காம விடுவனா?"

மில்லில் எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. அதனால்தான் நம்பி கண்ணிலும் அது தனியாகப் படவில்லை.

"அந்த வட்டத்தைப் பிடிச்சுத்தான் டிரைவ் சுத்துது. சுத்திலும் சந்து இருக்கு, அது வழியா பொடி உள்ள எறங்கிருது. பிளாப்பியைக் கெடுத்தது நம்பி இல்ல. நீங்கதான்."

கொட்டாப்புளி என் பக்கம் திரும்பியது. "சாமி குங்குமம் கெடுக்குமால?"

பையிலிருந்து ஐந்தாவது பிளாப்பியை எடுத்துச் செருகினேன். கம்ப்யூட்டர் விழித்தது. அணைத்துவிட்டு, பிளாப்பியை உருவி அவரிடம் நீட்டினேன்.

"எப்பவும்போல வைங்க."

மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்தார். குங்குமம் வைத்தார். பழக்கதோஷம், ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிடவும் செய்தார். திரும்பச் செருகினேன். டிரைவ் கரகரவென்று அரைத்தது. திரையில் 'பிளாப்பியைப் படிக்க முடியவில்லை' என்ற ஒரே வரி. மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் அதே வரி.

சொரிமுத்து கொட்டாப்புளியை மேசையில் வைத்தார். கயிற்றை அவரே அவிழ்த்தார். பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இன்னொரு பிளாப்பி இருக்கா? கதவு நாளைக்குப் போயாகணும்."

அவ்வளவுதான். தப்பா அடிச்சிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நம்பியின் இடது கை கொட்டாப்புளியை எடுத்துவிட்டது. ஓங்கியதைப் பார்த்தேன். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. குங்குமம் ஒட்டியிருந்த விரலின்மேல் இறங்கியது. எலும்பு நொறுங்கியது வெளியே ரம்பத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். சொரிமுத்து அலறிக்கொண்டு மரத்தூளில் விழுந்தார். நம்பி இரண்டாவது முறை ஓங்கியது அவர் தலைக்கு. அப்போதுதான் பிடித்தேன்.

"போதும்லே."

நம்பியைப் பைக்கில் வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் ரோட்டை அடைத்து நின்றன. நம்பி என் முதுகில் சாய்ந்தபடி கேட்டான்.

"வேற பிளாப்பி இருக்காண்ணே?"

"பையில ரெண்டு இருக்குலே."

"அவருக்குக் குடுத்திருவீயளா?"

"மாட்டேன்."

அதுவரை அழாதவன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.