கடைசி வரிசையின் பதில்

என் அண்ணி ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நோயாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவள். அவளை டீக்கனாக, ஆலயத்தில் நற்கருணைக் கிண்ணம் ஏந்திப் பரிமாறும் ஊழியராக, அபிஷேகம் பண்ணப்போகிறார்கள் என்றதும் எங்கள் சபைச் செயலாளருக்கு வேப்பங்காயாகக் கசந்தது. "தட்டு கழுவுற கைக்குத் திருக்கிண்ணமா?" என்று என் காதுபடவே கேட்டார்.

அந்த நாளும் வந்தது. "இவர் இந்த ஊழியத்துக்குத் தகுதியானவரா?" என்று பேராயர் கேட்டார். வழக்கப்படி செயலாளர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், பிறகுதான் சபை. அவர் கண்ணாடியைத் தேடினார், காகிதத்தைத் தேடினார், தொண்டையைச் செருமினார். எல்லாம் வேண்டுமென்றேதான்!

வழக்கம் தெரியாத கடைசி வரிசைக்குப் பொறுக்கவில்லை. பத்து மணி டியூட்டிக்காகச் சீருடையிலேயே வந்திருந்த வார்டு ஊழியர்கள் எழுந்தார்கள்.

"தகுதியானவங்கதான்!"

கூரை அதிர்ந்தது. செயலாளரின் முகம் கறுத்தது. "இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு, ஐயா" என்றார்.

பேராயர் சிரித்தார். "இதுதாங்க பழைய முறை. ஆதிச் சபையில பந்தியில சில விதவைங்க விடுபட்டுப்போனாங்க. பந்தியைக் கவனிச்சுப் பரிமாற ஏழு பேரை ஜனங்கதான் தெரிஞ்செடுத்தாங்க. அப்புறம்தான் அப்போஸ்தலர்கள் தலையில கை வெச்சாங்க. டீக்கன் வேலையே அங்கதான் ஆரம்பிச்சுது."

அண்ணி மண்டியிட்டாள். பேராயரின் கைகள் அவள் தலைமேல் இறங்கின.

நற்கருணைக்கு வழக்கம்போல் செயலாளர் முதல் ஆளாக வந்து நின்றார். அண்ணி கிண்ணத்தை ஏந்தி, அவரைக் கடந்து, நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே," என்றாள் திரும்பி, "அவங்களுக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."