ரோட்டுக்கு அந்தப் பக்கம்

ஃபைலைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் கன்னியப்பன் விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அது அறுந்தது. அறுந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஃபைல் வாயைப் பிளந்து, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டாக்டர் சர்டிபிகேட் எல்லாமும் கவுன்சலிங் மேஜைக்கு அடியில் சறுக்கிக்கொண்டு போயின. மஞ்சுளா மண்டியிட்டு மேஜைக்குள் நுழைந்தாள். பின்னால் வரிசையில் இன்னும் நாற்பது அப்பாக்கள் நின்றிருந்தார்கள்.

மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி விண்ணப்பத்தில் "ஸ்ரீபெரும்புதூர் தாலுக்கா" என்பதைப் படித்துவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அங்கே குண்டு வெடித்த அந்த வருஷம் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். "சீக்கிரம் சொல்லுங்க. எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச்?"

கேட்டது மஞ்சுளாவைத்தான். அவள் அடியில் இருந்தாள்.

"பெரிய காலேஜு சார். மெக்கானிக்கல்," என்றார் கன்னியப்பன். யாராவது தன்னைப் பார்த்தால் ஒரு ஜோக்கு சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "பொண்ணு மேஜைக்கு அடியில கீது சார், மார்க்கு மட்டும் மேல கீது." அதிகாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

மஞ்சுளா காகிதங்களை நெஞ்சோடு அணைத்து எழுந்தபோது பாவாடையில் முட்டிப் பக்கம் தூசு அப்பியிருந்தது. எழுதியிருந்ததைப் படித்தாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பார்வையைச் சந்தோஷம் என்று கன்னியப்பன் வைத்துக்கொண்டார். வேறு மாதிரி வைத்துக்கொள்ள அன்றைக்கு அவருக்கு நேரமில்லை, ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

மஞ்சுளாவுக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகத்துக்குள் எத்தனை காலேஜ் இருக்கிறது, எது ஒசத்தி என்பதெல்லாம் வடக்குப்பட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கன்னியப்பனுக்குத் தெரியும். மறைமலை நகரில் அவர் லேத் ஓட்டும் கம்பெனியில் இரண்டு இன்ஜினியர்கள் இருந்தார்கள். மேனேஜர் கோதண்டராமன் பெரிய காலேஜ். இரும்புக்கு முலாம் பூசுகிற பிளேட்டிங் செக்ஷன் அண்ணாதுரையும் அதே பல்கலைக்கழகம்தான், அதே காம்பவுண்டு, அதே கேட். ஆனால் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு ரோடு வருமாம், பக்கத்துக்கு ஒரு காலேஜ். "நாங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம், அண்ணாதுரை அந்தப் பக்கம்," என்பார் மேனேஜர், மெதுவாக, ஏதோ உடல்நலக் குறைவைச் சொல்வதுபோல. இந்தப் பக்கத்துக்காரருக்கு ஃபேன் போட்ட ரூம். அந்தப் பக்கத்துக்காரருக்கு ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அவர் எப்போதும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். இந்தக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக இதைப் பார்த்தவருக்குத் தன் பெண் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சாக்லேட் கொடுத்தார். "எம்பொண்ணு ரோட்டுக்கு இந்தப் பக்கம்பா," என்றார். எந்த ரோடு என்று யாரும் கேட்கவில்லை. ஒரகடம் ரோடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைகளில் மஞ்சுளா ஹாஸ்டலிலிருந்து வருவாள். தோளில் நீளமான கறுப்புக் குழாய் ஒன்று தொங்கும், டிராயிங் ஷீட் சுருட்டி வைக்கிற குழாய். பஸ் ஸ்டாப்பிலிருந்து அதைக் கன்னியப்பன்தான் வாங்கிச் சுமந்து வருவார், கொஞ்சம் சுற்று வழியாக, நாலு பேர் பார்க்கட்டும் என்று.

"படிப்பு எப்டிம்மா கீது?"

"போவுதுப்பா."

ஆகஸ்டிலும் அதே பதில், நவம்பரிலும் அதே பதில். அதற்குமேல் அவரும் கேட்டதில்லை. "நமக்கு இன்னா தெரியும், எட்டாவது பெயிலு. இரும்ப சொரண்டி வயித்த கழுவற ஆளு. நீ படிக்கறது படிச்சவங்க படிப்பு," என்று சிரிப்பார். அவளும் சிரிப்பதுபோல் உதட்டை இழுப்பாள். அம்சவல்லிதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏன்யா, அது வந்தா ரெண்டு நாளும் சொவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினே கீது. கேக்கறத ஒழுங்கா கேளேன்." "பெரிய காலேஜுல மூள தேயுதுடி, அதுக்குத் தூக்கம்தான் எண்ணெ," என்றார் கன்னியப்பன்.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை மஞ்சுளா விடியற்காலை பஸ்ஸுக்குப் போன பிறகு பார்த்தால், குழாய் கதவு மூலையில் சாய்ந்திருந்தது. மறந்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்ததும் ரயிலேறிப் போய்க் கொடுத்துவிடலாம் என்று கம்பெனிக்கு எடுத்துப் போனார். அதுவரை சரி. சாப்பாட்டு நேரத்தில் அதை மேனேஜர் ரூமுக்கு எடுத்துப் போனதுதான் கன்னியப்பன்தனம்.

"பொண்ணு போட்ட படம் சார். ஒங்க காலேஜு." மூடியைத் திருகி, ஷீட்டுகளை மேஜைமேல் விரித்தார்.

ஐந்து ஷீட். ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையில் பெயர், ரோல் நம்பர், தேதி; அச்சடித்ததுபோல் அழகான எழுத்து. நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. போட்டு, அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து, காகிதம் பஞ்சுபோல் உப்பியிருந்தது. ஒரு ஷீட்டில் ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே விழுந்திருந்தது. அழிந்த கோடுகளின் தடம் கன்னியப்பனுக்குத் தெரிந்தது. படி வெட்டின ஒரு இரும்புக் கட்டை. மேலிருந்து பார்க்கிற படத்தைப் பக்கவாட்டுப் படத்தின் இடத்தில் போட்டிருந்தாள், ஐந்திலும் அதே தப்பு. இருபத்திரண்டு வருஷமாக லேத் முன்னால் மாட்டிய படத்தைப் பார்த்துத்தான் அவர் இரும்பை வெட்டுகிறார். தினத்தாளைவிட அதைச் சுலபமாகப் படிப்பார்.

"என்ன கன்னியப்பன், ஆரம்பிக்கவே இல்ல போலிருக்கே?" மேனேஜர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார். வாசலில் கையெழுத்துக்காக நின்றிருந்த அண்ணாதுரை உள்ளே வந்து, "ரஃப் ஷீட்டு சார் இது. ஃபேர் ஷீட்டெல்லாம் காலேஜ்ல இருக்கும்," என்று சுருட்டிக் கன்னியப்பன் கையில் கொடுத்தார்.

ஆசிட் தொட்டி பக்கம் வந்ததும் அண்ணாதுரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "தேதி பாத்தீங்களா? வாரத்துக்கு ஒரு ஷீட்டு போடணும். கடைசி ஷீட்டு செப்டம்பர் பத்தொம்பது."

"இன்னா சார் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. பரீட்சை அடுத்த வாரம்."

கன்னியப்பன் குழாயின் மூடியை இறுக்கித் திருகினார். "சார்… அன்னிக்கே நான் அந்தப் பக்கம் சேத்திருந்தா?"

"அந்தப் பக்கமும் மொத வருஷம் இதே டிராயிங்தான். நான் மூணாவது தடவைதான் பாஸ் பண்ணேன்." அண்ணாதுரை தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க வீட்ல நான் எந்தக் காலேஜ்னு யாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி கன்னியப்பன், பெயிலானா யாருக்கும் பதில் சொல்ல வேணாம். போய்க் கேளுங்க. தமாஷ் பண்ணாம கேளுங்க."

ரயில் முழுக்க அவர் குழாயை மடியில் படுக்க வைத்திருந்தார். எதிர் சீட்டில் ஒருவர், "இன்ஜினியர் படிப்பா?" என்று மரியாதையாகக் கேட்டார். பதில் சொல்லாமல் கன்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஹாஸ்டல் வராந்தாவில் பார்வையாளர் பெஞ்சு. மழை விட்டிருந்தது, இன்னும் வெளிச்சம் இருந்தது. மஞ்சுளா படியிறங்கி வந்தாள். எண்ணெய் வைக்காத தலை. குழாயைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மறந்துட்டியேம்மா."

"மறக்கலப்பா."

அவர் ஷீட்டை வெளியே இழுத்துத் தொடைமேல் விரித்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த இடத்தில் ஆரம்பித்தார். "இத பாரு. கட்டைய மேலேர்ந்து பாக்கறது கீழ வரும். நீ அத பக்கத்துல போட்டுகினு கீற. அவ்ளோதான் தப்பு. மீதியெல்லாம் சரி."

மஞ்சுளா ஷீட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "ஒனக்கு இது தெரியுமா?"

"இத பாத்துத்தானம்மா வெட்டறேன்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே எப்பவும் சொல்லுவ." குரல் ஏறவில்லை. "கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுதுப்பா. கட்டைய மண்டைக்குள்ள திருப்பிப் பாருன்னு இங்கிலீஷ்ல சொல்றாங்க. எனக்குத் திரும்பல. அப்புறம் ஒருநாள் போவல. அப்புறம் போவவே முடியல. ரூம்லயே கீறேன். அட்டெண்டென்ஸ் இல்ல, பரீட்ச எழுத விடமாட்டாங்க. நோட்டீஸ் போர்டுல பேர் போட்டாச்சு."

கன்னியப்பனின் முழங்கை பட்டுக் குழாயின் மூடி தொடையிலிருந்து விழுந்து, பெஞ்சுக்கு அடியில் உருண்டு போனது. அவர் மண்டியிட்டு உள்ளே நுழைந்தார். ஈரத் தரை. மூடி சுவரோரம் கிடந்தது. அங்கிருந்து மகளின் முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால்தானோ என்னவோ, நாலு மாதமாகக் கேட்காததைக் கேட்க வந்தது.

"அன்னிக்கு… நீ கீழ இருந்தப்போ. நீ இன்னா கேக்கலாம்னு வச்சிருந்த?"

அவளுடைய கால் கட்டைவிரல் செருப்பை அழுத்தி அழுத்தி வெளுத்தது.

"இதேதான்பா. இதே காலேஜு, இதே பிராஞ்சு." செருப்பு ஒரு அடி பின்னால் நகர்ந்தது. "நான் வாயால கேட்டிருந்தா, முடியலன்னு நானே வந்து சொல்லியிருப்பேன். நீ கேட்டு வாங்கினத எப்டிப்பா போய் முடியலன்னு சொல்றது?"

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கன்னியப்பன் பெஞ்சுக்கு அடியிலேயே இருந்தார். வேட்டியின் முட்டியில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. தொடைமேல் வைத்திருந்த ஷீட் அவர் குனிந்தபோது சரிந்து, மகளின் செருப்புக்கு முன்னால் குப்புற விழுந்திருந்தது. ரப்பர் தேய்த்த ஓட்டை வழியாக, காலணா அகலத்துக்குச் சிவப்புத் தரை தெரிந்தது.