ஆறு வண்டி கடல் மண்

முதல் அடியை அடித்தவர் செத்தவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். மண்வெட்டிக் காம்பால் தம்பி பக்கிரியின் தோளில் ஒன்று வைத்தார் சிங்காரவேலு. அதற்குச் சற்று முன்புவரை இருவரும் வரப்பின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒருவர் நிலத்தை ஒருவர் வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"உன்னுது தங்கம்டா. வெதைய வீசிட்டு வூட்டுக்குத் திரும்பறதுக்குள்ள நாத்து முட்டியத் தொடும்."

"என்னுதா? என்னுதுல கோரகூட வெக்கப்பட்டுக்கினு மொளைக்குது. உன்னுது மண்ணத் தின்னே ஒரு ஊரு பொழைக்கலாம்ணே."

பத்தடி தள்ளிக் கஞ்சிப் பானையோடு நின்றுகொண்டிருந்தாள் கலியம்மாள். ஒருவனுக்குத் தங்கை, ஒருவனுக்கு அக்கா அவள். நாற்பது வருஷத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் மெச்சி அவள் கேட்டதில்லை.

எல்லாம் மண் துரையால் வந்தது. அந்த வருஷம், அதாவது முப்பத்தாறில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த பாகூர் கொம்யூன் ஊர்கள் முழுவதற்கும் மண்ணை வைத்துப் படம் போட வேண்டுமென்று புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஊருக்கு ஊர் ஆள் உயரக் குழி வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி, மண் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். திராவகம் ஒரு சொட்டு விடுவார். மண் பொங்கும். அவர் ஏதோ சொல்ல, கூட வந்த எழுத்தர் பச்சையப்பன் எழுதிக்கொள்வார். நெல்லுக்கு ஏற்ற மண்ணுக்குப் படத்தில் பச்சை. ஒன்றுக்கும் உதவாததற்கு மஞ்சள்.

பச்சைக்கு வரி இரட்டிப்பு, மஞ்சளுக்குத் தள்ளுபடி என்று எவனோ சொன்னான். அன்றோடு பாகூர் கொம்யூனில் நல்ல நிலம் என்று ஒரு குழி அளவுகூட இல்லாமல் போயிற்று. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விளைந்த நெல்லை ராத்திரியோடு ராத்திரியாக உருவிவிட்டு, என் மண் மலடு என்று துரையின் காலில் விழுந்தார். துரை அவரைத் தூக்கி நிறுத்தியபோது மடியிலிருந்து நாலு படி நெல் கொட்டியது.

சகோதரர்களின் நடு வரப்பில் அன்று காலைதான் குழி வெட்டினார்கள். பிற்பகலில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் துரை போயிருந்தார். அதனால்தான் இந்தப் புகழ்ச்சி.

"நம்பலியா? இந்தா, நாக்குல வச்சிப் பாரு. சுத்தக் களரு." சிங்காரவேலு தன் பக்கத்து மண்ணில் ஒரு கட்டியை எடுத்து நீட்டினார்.

பக்கிரி வாங்கி வாயில் போட்டான். கடுக்கென்றது. துப்பினான். அரைப் பல்லும் ஒரு கிளிஞ்சலும் விழுந்தன.

நெல் வயலில் கிளிஞ்சல் விளைவதில்லை. போன மாசம் மாட்டுக் கொட்டகையை மேடாக்க என்று சொல்லி மணப்பட்டுக் கடலோரத்திலிருந்து ஆறு வண்டி மண் அடித்தார் சிங்காரவேலு. அந்த உப்பு மண் கொட்டகைக்குப் போகவில்லை, நிலம் மஞ்சளாகட்டும் என்று அவர் வயலில் இறங்கியிருந்தது. பிறகு மழை பெய்தது. மேட்டு நிலத்துத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கிற்று. பள்ளத்திலிருந்த பக்கிரியின் நாற்று நுனியிலிருந்து கருகியது. அவன் அய்யனாருக்குக் குற்றம் செய்துவிட்டோம் என்று நினைத்துக் கிடாய் நேர்ந்துகொண்டிருந்தான்.

"கொட்டாய்க்குன்னு சொன்னியேடா!" என்றான் பக்கிரி. "எம்மா நாத்துடா அது!"

பிறந்ததிலிருந்து அண்ணனை அவன் 'டா' போட்டதில்லை. முதல் அடி அதற்காகத்தான் விழுந்தது.

இரண்டாவது அடியில் பக்கிரியின் புருவம் கிழிந்தது. அவன் அண்ணன் மேல் பாய்ந்து காதைக் கடித்தான். கடித்த துண்டை விழுங்கிவிட்டான் என்று பிற்காலத்தில் சேர்த்துச் சொன்னார்கள். துப்பினான், கலியம்மாளின் காலடியில்தான் விழுந்தது. அவள் பானையைப் போட்டுவிட்டுக் கத்தினாள். இருவரும் சேற்றில் புரண்டார்கள். யார் எவர் என்று தெரியாத மண்ணாக இருந்தார்கள். அதில் ஒரு மண் எழுந்து நின்றது. கையில் மண்வெட்டி. இந்த முறை ஓங்கியது காம்புப் பக்கம் அல்ல, இலைப் பக்கம்.

ஒரே தடவைதான் இறங்கியது. முற்றிய பூசணி உடைந்ததுபோல் சத்தம். அதற்குள் எழுந்துவிட்ட சிங்காரவேலு நின்றபடியே பின்னால் சாய்ந்து, அளவெடுத்து வெட்டினாற்போல் குழிக்குள் போனார்.

கலியம்மாள் குழியில் குதித்தாள். அவர் தலை மேல்மண்ணையும் செம்மண்ணையும் தாண்டி, நீலக் களிமண்ணில் கிடந்தது. கண் திறந்திருந்தது.

"கலியா."

"அண்ணே."

"பச்சையா? மஞ்சளா?"

அவள் மேலே பார்த்தாள். குழி விளிம்பில் பக்கிரியின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"மஞ்சள்தாண்ணே."

சிங்காரவேலுவுக்குத் திருப்தி. வாய் ஒருபக்கமாகக் கோணியது. அப்படியே நின்றுவிட்டது.

பிற்பகல் பிணத்தை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தலையைச் சுற்றிய துணி மூன்றாவது முறையாகச் சிவந்துவிட்டது. சிங்காரவேலுவுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம்; பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கத் தம்பிதான். அங்கேதான் பங்காளி சாமிக்கண்ணு கழியோடு வந்து மறித்தான்.

"கொன்ன கையாலயே கொள்ளியும் வப்பானா? நல்லாருக்குதுடா ஞாயம்!"

"யாருடா பாத்தது?" என்றது ஒரு குரல்.

"அவன் பல்லப் பாருடா! காதப் பாருடா பொணத்துக்கு!"

கழிகள் இறங்கின. பாடை முறிந்தது. பறையடிக்க வந்தவரின் பறை கிழிந்தது. அவர் கிழிந்த பறையாலேயே ஒருவனை அடித்தார். நாலு பேர் பக்கிரியை மாட்டுத்தொட்டியில் அமுக்கினார்கள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. தண்ணீர் சிவந்து குமிழி விட்டது. கலியம்மாள் போய்ச் சாமிக்கண்ணுவின் குடுமியைப் பிடித்து இழுத்தபோது குடுமியில் பாதி அவள் கையோடு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் கொம்யூன் தலைவரான மேர் வந்தார். பின்னால் புதுச்சேரியிலிருந்து போலீஸ் கொமிசேர், மண் துரை, பச்சையப்பன். கழிகள் மாயமாயின. எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள்.

கொமிசேர் கேட்டதைப் பச்சையப்பன் தமிழில் கேட்டார். "பார்த்தது நீதானாம்மா?"

"நாந்தான்."

"யார் அடிச்சது?"

தொட்டியோரம் பக்கிரி குந்தியிருந்தான். மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அக்காவை அவன் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவனைக் கப்பலேற்றித் தீவாந்தரம் அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் வாசலில் கிடப்பவர் தானாகச் செத்தவர் ஆகிவிடுவார்.

"குழிதான்" என்றாள் கலியம்மாள்.

"என்ன?"

"சர்க்காரு குழி. தோளுல மம்பட்டியோட வந்தாரு. வழுக்கி உள்ள வுழுந்துட்டாரு. மம்பட்டி மேல வுழுந்துடுச்சி."

"காது?"

"நண்டு கடிச்சிருக்கும்."

பச்சையப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் மொழிபெயர்த்தார்.

"தம்பிக்குப் பல்?"

"தூக்கறேன்னு தலைகீழா எறங்குனான். இன்னா பண்றது, எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்."

சர்க்கார் குழியில் குடியானவன் செத்தான் என்றதும் மேரின் முகம் வெளுத்தது. மேரும் கொமிசேரும் துரையும் தள்ளிப் போய் மூக்கோடு மூக்கு வைத்துப் பேசினார்கள். மண் துரை மட்டும் கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். அந்தக் குழியை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. கடைசியில் அவரும் வாயை மூடிக்கொண்டார். அப்படி ஒரு குழி வெட்டப்படவில்லை என்று முடிவாயிற்று. இரண்டு ஆள் போய் அதை மூடினார்கள். வெட்டாத குழியில் யாரும் விழ முடியாது. ஆகவே சிங்காரவேலு மாரடைப்பில் செத்தார்.

சாமிக்கண்ணு காறித் துப்பினான். "கூடப் பொறந்தவள பாருடா" என்றான். ஆனாலும் முறிந்த பாடைக்கு அவன்தான் புது மூங்கில் கொண்டுவந்தான்.

பிணம் எடுத்தபின் பச்சையப்பன் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கலியம்மாளிடம் வந்து நின்றார்.

"எதுக்கும்மா இவ்ளோ சண்டை?"

"வரிக்குத்தான்."

"வரியா?" அவர் குரல் இறங்கியது. "இது வரிக்கு இல்லம்மா. புது வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டறதுன்னு பாக்கறதுக்கு. பச்சைக்குத் தண்ணி வரும்."

கலியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"எங்களுக்கு இன்னா போட்டிருக்குது?"

"ஒண்ணும் போடல. குழியே இல்லன்னு ஆயிடுச்சே. அந்த எடத்த வெள்ளையா வுட்டுட்டாரு."

அந்தி மங்கும்போது ஆண்கள் ஏரியில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு திரும்பினார்கள். பக்கிரி கடைசியில் வந்தான். தலையும் மீசையும் மழித்திருந்ததில் காயங்கள் எண்ணிவிடலாம்போல் தெரிந்தன. வாசலில் விளக்கு எரிந்தது. விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு முன் காலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கலியம்மாள் செம்போடு நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் ஊற்றினாள். சாமிக்கண்ணுவுக்கும் ஊற்றினாள்.

பக்கிரி அவள் எதிரில் வந்து வலது காலை உயர்த்தினான்.

செம்பில் தண்ணீர் இருந்தது. செம்பு சாயவில்லை.

"அக்கா" என்றான், பல் போன வாயால்.

உள்ளே யாரோ இலை போடும் சத்தம் கேட்டது. விளக்குத் திரி ஒருமுறை படபடத்து நிமிர்ந்தது. அவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான், விழாமல்.