கொடிமலை இறங்கிய கால்கள்

ரஜிதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. மூன்று ஆண்டுகளாக ஜெலுத்தோங்கில் ஒரு ஜிம்முக்குப் போய் டெட்லிஃப்ட் பழகிவந்தாள். தரையில் கிடக்கும் எடைக் கம்பியைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நிற்க வேண்டும். அவளுடைய முதல் போட்டி சனிக்கிழமை.

வியாழக்கிழமை விடுமுறை. அலுவலகத் தோழி லைலாவோடு மலை ரயிலில் கொடிமலை உச்சிக்குப் போனாள். தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் இருவரும் நடந்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். அங்கே பாசியில் வழுக்கி லைலாவின் கணுக்கால் பிசகியது. மழை கறுத்துக்கொண்டு வந்தது. போனில் சிக்னல் இல்லை.

"என் தோளைப் பிடிச்சுக்க. மெதுவா இறங்கிடலாம்," என்றாள் ரஜிதா.

"உனக்குப் போட்டி இருக்குல்ல?"

"அதுக்காக உன்னை இங்கேயே விட்டுட்டுப் போக முடியுமா லா?"

செங்குத்தான இறக்கம். தோளில் லைலாவின் பாரம். ஒவ்வொரு அடியிலும் தொடைகள்தான் தடுத்து நிறுத்தின. கீழே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது.

வெள்ளிக்கிழமை கால்கள் கனத்தன. சனிக்கிழமை காலை கட்டிலின் விளிம்பைப் பிடிக்காமல் அவளால் எழ முடியவில்லை.

"போட்டிய விட்டுடு ரஜி," என்றார் கணவர் ஹரிசங்கர்.

"இருங்க, மொதல்ல பார்க்கிறேன்."

அவள் தொடைகளை அழுத்திப் பார்த்தாள். முன்பக்கம் மட்டும், இரண்டு காலிலும் ஒரே அளவு வலி. வீக்கம் இல்லை. மூட்டில் குத்தல் இல்லை. பின்தொடையும் இடுப்பும் முதுகும் வழக்கம்போல இருந்தன. இந்த வலி அவளுக்குப் பழக்கமானதுதான். குறைந்த எடையைப் பலமுறை தூக்கினால் வரும் எரிச்சல் குளித்து முடிப்பதற்குள் போய்விடும். அதிக எடையை இரண்டு மூன்று முறை தூக்கினால் மறுநாள் உடம்பு சோர்ந்து கிடக்கும். எடையைத் தாங்கிக்கொண்டே மெதுவாக இறக்கினால்தான் இரண்டாம் நாள் இப்படிப் பிடித்துக்கொள்ளும். கொடிமலை இறக்கம் அந்த வகை.

டத்தோ கெராமாட்டில் போட்டி நடந்த மண்டபத்தில் பயிற்சியாளர் ஹஸ்ருல் காத்திருந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததுமே அவன் முகம் மாறியது.

"அக்கா, பேரை எடுத்துடலாம். அடுத்த போட்டி வராமலா போயிடும்?"

"வலி தொடையில மட்டும்தான் தம்பி. நான் கால் அகட்டி வச்சுத் தூக்குறவ, அதுல தொடைக்குத்தான் அதிக வேலை. இன்னிக்குக் காலைக் கிட்ட வச்சுத் தூக்குறேன். இடுப்பும் முதுகும் பார்த்துக்கும்."

"போட்டி அன்னிக்கு யாராச்சும் ஸ்டைல் மாத்துவாங்களா?"

"மூணு மாசமா செவ்வாய்க்கிழமை தோறும் அதையும்தானே செஞ்சேன்? நூத்துப் பத்து தூக்கினப்ப வீடியோ எடுத்தது யாரு?"

ஹஸ்ருல் தலையைச் சொறிந்தான்.

"சரிக்கா. மொதல்ல தொண்ணூத்தஞ்சு. கூர்மையா ஏதாச்சும் குத்துனா அங்கேயே நிறுத்திடணும்."

"நிறுத்திடுவேன்."

வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் உடம்பைச் சூடாக்கினாள். தொண்ணூற்றைந்து கிலோ சிரமமில்லாமல் வந்தது. இரண்டாவது முறை நூற்று ஏழரை. கம்பி முழங்காலைத் தாண்டும்போது தொடைகள் நடுங்கின, ஆனாலும் நிமிர்ந்துவிட்டாள். தூக்கியது செல்லும் என்று மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள்.

மூன்றாவது முறைக்கு நூற்றிருபது என்பது பழைய திட்டம். ஹஸ்ருல் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "நூத்துப் பதினஞ்சு போடு. இன்னிக்கு எங்கிட்ட இருக்கிறது அதுதான்."

மேடையேறினாள். கம்பியைப் பிடித்து, மூச்சை வயிற்றில் நிறுத்தி, இழுத்தாள். ஒரு கணம் எதுவும் அசையவில்லை. தொடைகள் எரிந்தன. அவள் அவசரப்படவில்லை. இடுப்பை முன்னே தள்ளத் தள்ளக் கம்பி மேலே வந்தது. நேராக நின்றாள். நடுவர் கை இறங்கும்வரை அசையாமல் நின்றாள். மறுபடியும் மூன்று வெள்ளை விளக்குகள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஹரிசங்கர் போட்ட விசில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பாகான் டாலாமிலிருந்து வந்த சுஹானா நூற்றிருபத்தைந்து தூக்கி முதலிடம் பிடித்தாள். ரஜிதாவுக்கு இரண்டாமிடம்.

"நீங்க கால் அகட்டித்தானே தூக்குவீங்கன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள் சுஹானா.

"தொடைக்கு இன்னிக்கு லீவு," என்றாள் ரஜிதா. இருவரும் சிரித்தார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டே ஹஸ்ருல், "ஒரு வாரம் ஜிம் பக்கமே வராதீங்கக்கா," என்றான்.

"எதுக்கு? செவ்வாய்க்கிழமை தோளும் நெஞ்சும் செய்ய வர்றேன். காலுக்கு மட்டும் அடுத்த வெள்ளி."

"அதுக்குள்ள வலி போகலைன்னா?"

"போயிடும். இந்தக் கால்களோட மூணு வருஷமாப் பழகிட்டு வர்றேன் தம்பி, எப்பத் தயாராகும்னு எனக்குத் தெரியும்."

பதக்கத்தைக் கழற்றாமலே சாப்பிடக் கிளம்பினாள்.